மப்பெட் ஃபிகர் வாங்கலாமா? சிங்கப்பூர்ச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொலைக்காட்சிக்காக ஜிம் ஹென்சன் உருவாக்கிய மப்பெட் பாவைகளை ஆக்‌ஷன் ஃபிகர்களாக, அதாவது கைகால் அசைக்கக்கூடிய சிறு பொம்மைகளாக, வாங்கிச் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக ஒரு வரிசை கடைக்கு வந்தால் போதும், நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பழசு நல்லதா, புதுசு நல்லதா? எங்கே வாங்குவது? இந்த ஊர் ஈரப்பதத்தில் எப்படிக் காப்பாற்றுவது? எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

மப்பெட் ஃபிகர் என்றால் எந்தெந்த வரிசைகளைப் பார்க்க வேண்டும்?

பெரியவர்களுக்கென்று கவனமாகச் செய்த முதல் பெரிய வரிசை பாலிசேட்ஸ் நிறுவனத்துடையது. 2002-இல் தொடங்கினார்கள், 2006-இல் நிறுவனமே மூடப்பட்டது. அந்தக் குறுகிய காலத்தில் லூ ஸீலண்ட், கிரேஸி ஹாரி போன்று ஓரிரு நிமிடம் தலைகாட்டும் பாத்திரங்களைக்கூட விடாமல் செய்துவிட்டார்கள். இன்றைக்கும் புது ஃபிகர் எது வந்தாலும் அதை பாலிசேட்ஸ் பக்கத்தில் நிறுத்தித்தான் எடைபோடுகிறோம்.

அடுத்தது டயமண்ட் செலக்ட், 2016-இலிருந்து. முதல் தொகுதியில் தவளை கெர்மிட்டோடு ராபினும் பீன் பன்னியும், கரடி ஃபாஸியோடு ஸ்கூட்டரும், கான்ஸோவோடு அவனுடைய கோழி கமிலாவும் வந்தார்கள். ஒரு பெட்டிக்குள் பெரிய பாத்திரம் ஒன்று, கூடவே சின்னது ஒன்றோ இரண்டோ என்பது அவர்கள் கணக்கு.

2022 மே மாதம் லெகோ 71033 என்ற எண்ணில் 12 மப்பெட் மினிஃபிகர்களை வெளியிட்டது. சூப்பர் செவன் நிறுவனம் மப்பெட்களின் எலெக்ட்ரிக் மேஹெம் இசைக்குழுவை மூன்றே முக்கால் அங்குல ரீஆக்‌ஷன் ஃபிகர்களாகச் செய்திருக்கிறது. ஹென்சனின் இன்னொரு பாவைத் தொடரான ஃப்ராகிள் ராக்கின் பாத்திரங்கள் வேண்டுமென்றால் பாஸ் ஃபைட் ஸ்டூடியோவைப் பாருங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், எது சிறந்தது?

ஒரே வார்த்தையில் வராது. ஆனால் எதை வைத்து முடிவு செய்வது என்று சொல்ல முடியும். முதலில் கண், அடுத்தது வாய். மூட்டு எத்தனை, துணைப்பொருள் எத்தனை என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

காரணம் இதுதான். மனித நடிகரை வைத்து ஃபிகர் செய்தால் நெற்றிச் சுருக்கம், தாடை, கழுத்து என்று முகத்தைக் காட்டிக்கொடுக்கப் பல வழிகள் உண்டு. மப்பெட்டுக்கு முகத்தில் இருப்பதே இரண்டு மூன்று வடிவங்கள். ஹென்சனிடம் பாவை செய்த டான் சாலின், கண்மணிகள் இரண்டும் மூக்கும் சேர்ந்து ஒரு முக்கோணமாக அமையும்படி வைப்பார். கண்மணிகளைச் சற்றே உள்பக்கம் தள்ளி வைத்தால்தான் பாவை எதையோ உற்றுப் பார்ப்பது போலிருக்கும். கேமரா வழியாக நம்மைப் பார்ப்பது போலிருக்கும். சின்ன ஃபிகரில் அந்தக் கண்மணி அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி அச்சானால் போதும், கெர்மிட் எங்கேயோ வெறித்துப் பார்க்கிற தவளையாகிவிடும்.

அதனால் கடையில் ஃபிகரைக் கையில் எடுத்தால் கை நீட்டும் தூரத்தில், உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து உங்களைப் பார்க்கிறதா? பார்த்தால் வாங்கலாம். ஒன்று உங்களையும் மற்றொன்று பக்கத்து அலமாரியையும் பார்த்தால், அதே வரிசையில் வேறொரு பெட்டியை எடுங்கள். ஒரே ஃபிகரின் நான்கு பெட்டிகளில் நான்கு விதமான கண் இருப்பது சகஜம்.

இந்தச் சோதனையில் எனக்கு பாலிசேட்ஸ் இன்னும் முன்னால் நிற்கிறது. டயமண்ட் செலக்டில் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் அதிகமாகத் தெரிகிறது, ஆனால் நல்ல பெட்டி கிடைத்தால் பழையதற்குக் குறைவில்லை. லெகோ செய்தது துணிச்சலான வேலை: வழக்கமான உருளைத் தலையை விட்டுவிட்டு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வார்ப்பில் தலை. அவ்வளவு சின்னதில் ஆய்வக உதவியாளன் பீக்கரைச் சட்டென்று அடையாளம் தெரிகிறது.

மூட்டு அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

மற்ற ஃபிகர்களுக்கு ஆமாம். மப்பெட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கெர்மிட்டின் கை எப்படி அசைகிறது என்று யோசித்துப் பாருங்கள். பாவையாட்டுபவரின் வலது கை தலைக்குள் இருக்கும். இடது கை, மெல்லிய கம்பி வழியாகப் பாவையின் கையை ஆட்டும். அந்தக் கைக்குள் எலும்பும் இல்லை, முழங்கை என்று நிலையான ஓரிடமும் இல்லை. முழுக்கை ஒரே வளைவாக வளையும். அந்தக் கையை பிளாஸ்டிக்கில் செய்து நடுவில் ஆணி அடித்த முழங்கை வைத்தால், மடக்கும்போதெல்லாம் அது கெர்மிட்டின் கையாகத் தெரியாது. மெலிந்த கையில் பெரிய மூட்டு புடைத்துக்கொண்டும் நிற்கும். தோளில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, கழுத்தில் நன்றாகச் சாயும் ஒரு பந்துமூட்டு இருந்தால் எனக்குப் போதும். கழுத்து மிக முக்கியம். தலையைச் சாய்ப்பதிலேயே பாதிக் கதை சொல்லிவிடுவார்கள் பாவையாட்டுபவர்கள்.

எல்லா மப்பெட்டும் கம்பிக்கை வகை அல்ல. ஃபாஸி, ரோல்ஃப், டாக்டர் டீத், ஸ்வீடிஷ் ஷெஃப் ஆகியோருக்குக் கைக்குள் மனிதக் கையே இருக்கும். ஒரு பாவைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர்களுக்கு விரல் பிடிப்பும் முழங்கையும் நன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். இன்னொன்றும் கவனியுங்கள். வலது கை தலைக்குள் போய்விடுவதால் பெரும்பாலான கம்பிக்கை மப்பெட்கள் இடது கைக்காரர்கள். மைக்கையோ மற்ற பொருளையோ பிடிக்கும் கை இடது கையாக வார்க்கப்பட்டிருந்தால், செய்தவர்கள் பாவையை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாத்திரத்துக்குப் பாத்திரம் எதைச் சரிபார்ப்பது?

கெர்மிட்டின் கண்மணி வெறும் கறுப்புப் புள்ளி அல்ல. நடுவில் உருண்டை, இரண்டு பக்கமும் கூராக நீளும் சிறு கோடு. மலிவான பொம்மைகளில் முதலில் காணாமல் போவது அந்தக் கோடுதான். 1955-இல் ஹென்சன் தன் அம்மாவின் பழைய கோட்டுத் துணியில் உடலையும், பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிக் கண்ணையும் செய்தார். அந்தப் பந்தின் உருண்டை ஃபிகரில் தட்டையாகிவிடக் கூடாது.

டாக்டர் பன்சனுக்குக் கண்ணே கிடையாது. கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் வெறும் முகம்தான். அங்கே யாராவது கண்ணை வரைந்திருந்தால் அந்த ஃபிகரை வைத்துவிட்டு நகருங்கள். ஸ்வீடிஷ் ஷெஃபுக்குப் புருவம் கண்ணை மூடியிருக்கும். கைகள் மனிதத் தோல் நிறத்தில், நகத்தோடு, ஆள் கையாகவே இருக்க வேண்டும். ஃபாஸியின் கழுத்துத்துணி இளஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளி. மிஸ் பிக்கிக்கு முடி வார்ப்பைப் பாருங்கள்: பிளாஸ்டிக் முடி கனமாக இருந்தால் தலை பின்னால் சாயும், சில மாதத்தில் ஃபிகரே சாய்ந்து விழும். அனிமலுக்கு நேர்மாறு. அவன் முடி எவ்வளவு கலைந்திருந்தாலும் தகும்.

வெவ்வேறு நிறுவன ஃபிகர்களை ஒரே அலமாரித் தட்டில் நிறுத்தலாமா?

அளவு ஒத்துப்போனால் நிறுத்தலாம். ஆனால் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விற்பவரிடம், ஃபிகருக்குப் பக்கத்தில் ஓர் ஈஸி-லிங்க் பயண அட்டையை நிமிர்த்தி வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அட்டையின் நீளம் 8.56 சென்டிமீட்டர், எல்லார் வீட்டிலும் இருக்கும், அளவு மாறாது. அப்புறம் உங்கள் தட்டில் இருக்கும் ஃபிகரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் உயர வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டாம். மேஹெம் குழுவில் ஒருவர் மட்டும் வேறு வரிசை என்றால் அவரைப் பின்வரிசையில் ஒரு சிறு பலகைமேல் நிறுத்துங்கள். ரீஆக்‌ஷனையும் லெகோவையும் மட்டும் தனித் தட்டில் வைப்பது நல்லது.

மப்பெட், செசமீ ஸ்ட்ரீட், ஃப்ராகிள் மூன்றும் ஏன் ஒரே வரிசையில் வருவதில்லை?

மூன்றுக்கும் உரிமையாளர் வேறு. 2004-இல் மப்பெட்கள் டிஸ்னிக்குப் போயின. செசமீ ஸ்ட்ரீட் பாத்திரங்கள் செசமீ வொர்க்‌ஷாப்பிடம். ஃப்ராகிள் ராக் ஜிம் ஹென்சன் நிறுவனத்திடமே இருக்கிறது. கெர்மிட் செசமீ ஸ்ட்ரீட்டில் எத்தனையோ முறை வந்திருந்தாலும், அவனுக்கும் செசமீ ஸ்ட்ரீட்டின் குரோவருக்கும் ஒரே பெட்டியில் இடம் கிடைப்பது கடினம். செந்தோசாவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் செசமீ ஸ்ட்ரீட்டின் எல்மோவைப் பார்த்துவிட்டு அங்கே கெர்மிட் பொம்மை தேடுபவர்களுக்கும் இதுதான் பதில்.

தண்டர்பேர்ட்ஸ் பாவைகளையும் சேர்க்கலாமா?

தாராளமாக. அது 1965-இல் வந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர், நூல்பாவை, ஆட்டும் முறையே வேறு. உதடு அசைவதற்கான மின்கருவி தலைக்குள் இருந்ததால்தான் அந்தப் பாவைகளுக்குத் தலை பெரிதாக இருக்கும். 1967-இல் அதே குழுவினர் செய்த கேப்டன் ஸ்கார்லெட் தொடருக்குக் கருவியை மார்புக்கு இறக்கிய பிறகு தலை மனித அளவு விகிதத்துக்கு வந்தது. ஆகவே தண்டர்பேர்ட்ஸ் ஃபிகரில் தலை சிறிதாக, அழகாக இருந்தால் அது தவறான வார்ப்பு. 1992-இல் மேட்ச்பாக்ஸ் நிறுவனம் செய்தவற்றை இன்னும் பழைய பொம்மைக் கடைகளில் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் எங்கே தேடுவது?

பழையவற்றுக்கு சைனா ஸ்குவேர் சென்ட்ரல். பொம்மை வாங்குபவர்கள் வெகுகாலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போகும் இடம் அது. காலையிலேயே போய்விடுங்கள். ஆண்டிறுதியில் காமிக் கான் கண்காட்சிக்கும் ஒரு நடை போகலாம், ஆனால் மப்பெட் அங்கே அரிது. அன்றாடம் தேட, பழைய பொருள் வாங்கி விற்கும் காரோசல் தளம்தான். மப்பெட் என்று மட்டும் தேடினால் மென்பொம்மைகள்தான் வந்து குவியும். நிறுவனப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து வாங்குவதாக இருந்தால் நுழைவாயில் பக்கம் வெளிச்சமான இடத்தைச் சொல்லுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் துணைப்பொருள்களின் படம் இருக்கும், அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பாலிசேட்ஸில் துணைப்பொருள் நிறைய, அவற்றில் பலவும் விரல்நக அளவுதான். அதில் ஒன்று தொலைந்தாலும் விலை குறையத்தான் வேண்டும். பார்த்து முடித்த பிறகு பேநவ் வழியாகப் பணம் அனுப்புங்கள்.

வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை சியா ஸ்ட்ரீட்டில் உள்ள மின்ட் பொம்மை அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். பழைய பொம்மைகளை எப்படி விளக்கு போட்டு, எவ்வளவு இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே வீட்டு அலமாரிக்கு யோசனை கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி எவ்வளவு?

பொம்மைக்குச் சுங்கத் தீர்வை இல்லை. பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் 9 விழுக்காடு. 2023 ஜனவரிக்கு முன்பு 400 வெள்ளிக்கு உட்பட்ட பொட்டலம் விமானத்திலோ அஞ்சலிலோ வந்தால் வரி இருக்காது. இப்போது, இங்கே வரிக்குப் பதிவு செய்துள்ள வெளிநாட்டுத் தளங்கள் பணம் கட்டும்போதே வரியைச் சேர்த்துவிடுகின்றன. 400 வெள்ளியைத் தாண்டினால் பொட்டலம் உள்ளே வரும்போது வசூலிக்கப்படும். அந்த 400-இல் அனுப்பும் செலவும் காப்புறுதியும் அடங்கும். கப்பலில் வந்தால் அந்த 400 வெள்ளிச் சலுகையே கிடையாது. பெரிய பெட்டியை மலிவு என்று கப்பலில் போடும் முன் இதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலி வருமா?

லெகோ மப்பெட்டுகளில் வருகிறது. காலில் உள்ள குழியிலும் கழுத்துக் குமிழிலும் லெகோ எழுத்து இருக்கிறதா பாருங்கள். போலியில் முக அச்சு மங்கலாக இருக்கும், இடுப்பு இறுக்கமாக இருக்கும். 71033 தொகுதி உள்ளே என்ன என்று தெரியாத மூடிய பையில்தான் விற்கப்பட்டது. ஆகவே பெயர் அச்சிட்ட சிறு பெட்டியில் யாராவது கொடுத்தால் ஒதுங்குங்கள்.

பழைய ஃபிகரின் மூட்டு இறுகிவிட்டது. என்ன செய்வது?

திருகாதீர்கள். வண்ணப்பூச்சு மூட்டுக்குள் ஒட்டிப் பிடித்திருக்கும். பலம் காட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆணி முறியும். முடி உலர்த்தியை மிதமான சூட்டில் வைத்து, ஓர் அடி தள்ளிப் பிடித்து, மூட்டைச் சுற்றிச் சூடேற்றுங்கள். வெதுவெதுப்பானதும் முன்னும் பின்னும் மிகச் சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லையா, விட்டுவிட்டு மறுபடி சூடேற்றுங்கள். வளைந்துபோன காலுக்கும் இதே வைத்தியம்: சூடேற்றி நேராக்கி, குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நிற்கும்.

வாங்கி வைத்த ஃபிகர் பிசுபிசுக்கிறதே?

இந்த ஊரில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் அதை இளக்கமாக வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் ஒன்று கலந்திருக்கும். சூட்டில் அது மேற்பரப்புக்குக் கசிந்து வரும். காற்றுப் போகாத பெட்டிக்குள் அடைத்து வைத்தால் கசிந்தது ஆவியாகிப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். அதன்மேல் தூசு ஒட்டும். அழுக்கு என்று நினைத்து ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஒருநாள் விடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். துணி உடை இருந்தால் கழற்றிவிடுங்கள். மென்மயிர் ஒட்டிய பரப்பு என்றால் நனைக்காமல் உலர்ந்த தூரிகையால் மட்டும்.

சிங்கப்பூரில் ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். அட்டைப்பெட்டிக்குப் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் வர அது போதும். கண்ணாடி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். தேர்ஸ்டி ஹிப்போ மாதிரி நீர் சேரும் டப்பாவை உடுப்பு அலமாரியில் வைக்கலாம். ஃபிகர் தட்டில் வேண்டாம், கவிழ்ந்தால் அந்த உப்புநீர் துணியையும் அட்டையையும் கெடுத்துவிடும். வீவக அடுக்குமாடி வீட்டில் மேற்குப் பார்த்த சன்னல் இருந்தால் அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். பிற்பகல் வெயில் முதலில் பாழாக்குவது கெர்மிட்டின் பச்சையையும் வெள்ளைக் கண்ணையும்தான். அப்புறம், ரப்பர் பட்டை போட்டுத் துணைப்பொருள்களைக் கட்டி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அது உருகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடும்.

பெட்டியைத் திறக்கலாமா, மூடியே வைக்கலாமா?

திறந்துவிடுங்கள். மேலே சொன்னபடி மூடிய பெட்டிக்குள்தான் கசிவு தங்குகிறது. விற்பதற்காக வைத்திருப்பவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பெட்டியை எடுத்து உள்ளே பிசுபிசுப்பும், கட்டியிருக்கும் கம்பியில் துருவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொட விடலாமா?

மூன்று வயதுக்குள் என்றால் வேண்டாம். துணைப்பொருள்கள் வாயில் போகும் அளவு. பெரிய பிள்ளைகளுக்கென்று பெட்டி இல்லாத, துணைப்பொருள் குறைந்த ஒரு ஃபாஸியைத் தனியாக வாங்கிக் கொடுங்கள். எடுத்து விளையாடட்டும். மாமாவின் அலமாரியை வெளியிலிருந்து மட்டும் பார்க்கச் சொன்னால் அவர்களுக்கு மப்பெட்டே பிடிக்காமல் போய்விடும்.

கையில் ஐம்பது அறுபது வெள்ளிதான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பெட்டியில்லாத டயமண்ட் செலக்ட் கெர்மிட் ஒன்று, கண் சரியாக இருப்பதாகத் தேடி வாங்குங்கள். ராபினோ பீன் பன்னியோ இல்லாவிட்டாலும் இப்போதைக்குப் பரவாயில்லை, விலைதான் குறையும். டயமண்ட் குழுமம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியதால் இனி இந்த வரிசை எப்படி வரும் என்று காத்திருக்க வேண்டாம். கையில் நல்லதாகக் கிடைப்பதை எடுங்கள். முழுக் குழுவாக மேஹெம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் டாக்டர் டீத்தையும் அனிமலையும் முதலில் பிடியுங்கள். பழைய வரிசையில் இசைக்கருவி இல்லாத ஃபிளாய்டை யாராவது மலிவாகக் கொடுத்தால், அந்த பேஸ் கிட்டாரைத் தனியாகத் தேடி வாங்க என்ன செலவாகும் என்று கேட்டுவிட்டு அப்புறம் பதில் சொல்லுங்கள்.